ஒன்பது மணிப் பெரட்டு

எங்கள் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. சக்கரம் வைத்தது, முதுகைச் சாய்ப்பது, நாம் குனிந்தால் தானும் குனிவது என்று வகைவகையாக இருக்கின்றன. ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு அத்தனை பேரும் எழுந்துபோய் ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள். சுவரில் ஆளுயர வெள்ளைப் பலகை. அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எங்கள் பெயர்கள், ஒவ்வொன்றும் காந்தம் வைத்த சிறு பட்டையில். பெயருக்கு நேரே மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒட்டுத்தாள்கள். இனிச் செய்ய வேண்டிய வேலை ஒரு பக்கம், செய்துகொண்டிருப்பது நடுவில், முடிந்தது மறுபக்கம். வேலை நகர நகரத் தாளும் நகர வேண்டும். யார் கையில் என்ன இருக்கிறது, எது எங்கே சிக்கிக் கிடக்கிறது என்று எல்லாரும் ஒரே பார்வையில் பார்க்கத்தான் இந்த ஏற்பாடாம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்பதால் நிற்க வேண்டுமாம். டொரொண்டோவுக்கு வந்து, சமையலறை அலுமாரிகள் செய்யும் இந்தக் கம்பனியில் படம் வரையும் வேலை கிடைத்து, முதல் நாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்கு இவர்கள் ஏதேதோ ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள் யாரைக் கூட்டிவந்து காட்டினாலும் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்: பெரட்டு.

பெரட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தோட்டம். விடிந்தும் விடியாத நேரத்தில் சங்கு ஊதும். கூடையும், இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்குமாகப் பெண்கள் ஒரு பக்கம், மண்வெட்டியும் கத்தியுமாக ஆண்கள் ஒரு பக்கம் பெரட்டுக்களத்தில் போய் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து, இன்னாருக்கு இன்ன மலை, இன்ன வேலை என்று பிரித்துவிடுவார். பெயர் வாசிக்கப்பட்டால் அன்றைக்கு வேலை உண்டு. வாசிக்கப்படாவிட்டால் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏன் வாசிக்கவில்லை என்று அந்த இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால், நேற்றுப் பிந்தி வந்தாய், முந்தாநாள் எதிர்த்துப் பேசினாய் என்று அத்தனை பேர் முன்னாலும் பதில் வரும். அதனால் பெயர் விடுபட்டவர், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டு மெல்ல விலகிப் போய்விடுவார். மற்றவர்களும் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். போகிறவருக்குச் செய்கிற மரியாதை அது. எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தந்ததில்லை, பார்த்துப் பார்த்தே பழகிவிட்டோம்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் நேர்மாறு. எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள் நடந்தன. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, நிறுத்தி வைத்த கரும்பலகைதான் சுவர். டீச்சர் வெளியே போனால் வகுப்பு மொனிட்டர் சோக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத ஆரம்பிப்பாள். நான் வாயாடி. என் பெயர் பெரும்பாலும் முதலில் வந்துவிடும், டீச்சர் வந்ததும் உள்ளங்கையில் பிரம்பும் முதலில் விழும். ஆக, பலகையில் பெயர் இருந்தால் பிரம்பும், வாசிக்காமல் விட்டால் பட்டினியும் ஞாபகத்துக்கு வருகிற ஒருத்தியைக் கொண்டுவந்து இந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். என் மகளுக்கு இதெல்லாம் சொன்னால் கதைபோல இருக்கிறது. அவளுடைய வகுப்பில் பலகையே வெளிச்சம் விடுகிறது. விரலால் தொட்டால் கோடு விழுகிறது, தட்டினால் படம் ஓடுகிறது. பெற்றோர் வருகிற நாளில் போயிருந்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பலகைக்கு ஓடினார்கள். "அம்மா, நீங்களும் உங்க பேர எழுதுங்க" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு டெப்ரா. நல்ல மனுஷி. காலையில் பலகைக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பார். நேற்று என்ன செய்தாய், இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய், உனக்குக் குறுக்கே நிற்பது ஏதாவது உண்டா? முதல் இரண்டுக்கும் சமாளித்துவிடுவேன். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வேன். பெரட்டில் நின்றுகொண்டு துரையிடம் போய்க் குறை சொல்வதா? முதல் ஒரு வருடம் முழுக்க, ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை என் கணினி இரண்டு நாளாக அசையாமல் கிடந்தது. அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றேன். டெப்ரா என்னைத் தனியே கூப்பிட்டு, "மகேஸ், உனக்குப் பிரச்சினையே இல்லை என்றால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். என்மேல் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து "சொரி" என்றேன். எதற்கு சொரி என்றார். அதற்கும் ஒரு சொரி சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தேநீரின் லட்சணத்தைப் பற்றி ஹாலிஎலக்காரி எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நன்றி.

நான் இப்படிப் பயந்து பயந்து அந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அம்மா. அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வேண்டும் என்றால் எனக்கு நிலையான வேலை இருந்தாக வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் அன்றாட வேலை, இன்று இருக்கும் நாளை இராது. என் வேலைதான் அம்மாவை இழுத்துவரப்போகிற கயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி ரவியின் போனுக்கு எடுப்பேன். அவன் பதுளையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மனைவியோடும் அம்மாவோடும் நாங்கள் வளர்ந்த அதே லயத்து வீட்டில், அதே காம்பராவில்தான் இருக்கிறான். அம்மாவிடம் கொடுப்பான். நான் அம்மாவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற அறையைப் பற்றிச் சொல்லுவேன். ஜன்னலைத் திறந்தால் மேப்பிள் மரம் தெரியும் என்பேன், குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் வரும் என்பேன், மலை ஏற வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம், அட்டை கடிக்காது என்பேன். அம்மா "ம்" என்பாள். தொலைபேசியில் அம்மாவுக்கு எப்போதும் பேச்சு வராது என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். இந்த மண்ணுக்கு வந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போய்வந்தேன். அம்மா இங்கே வந்துவிட்டால் பிறகு ஊர் என்று எனக்கு ஒன்று தேவையில்லை என்றுகூடச் சொல்லித் திரிந்தேன்.

அந்த எட்டாவது வருடம் கம்பனிக்கு ஒரு மின்பலகை வந்தது. தூரத்து ஹலிபக்ஸ் நகரத்தில் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று. அங்கே ஹெலன் என்கிற பெண் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டால் இங்கே சுவரில் அந்தக் கோடு வந்து விழும். அதன்மேல் நான் ஒரு அலுமாரிக் கதவை வரைந்தால் அங்கே அவர் அதன் பிடியை மாற்றி வைப்பார். எழுதுகிற கை தெரியாது, எழுத்து மட்டும் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருக்கும். எல்லாரும் குழந்தைகள் மாதிரி வேடிக்கை பார்த்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பொறாமை. முகம் தெரியாத ஹெலன் பேனாவை எங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரிகிறது, என் அம்மா இன்றைக்கு என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று தெரியவில்லையே என்று இருந்தது. அந்தப் பலகையைக் கூட்ட மண்டபத்தில் வைக்காமல், நடையின் கடைசியில் இருந்த சின்ன அறையில் பரீட்சார்த்தமாக மாட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். என் பெயர் இல்லை. அது இருந்த இடத்தில் பட்டையின் அளவுக்குச் சுத்தமான வெள்ளை. என் ஒட்டுத்தாள்களையும் காணோம். டெப்ராவும் அங்கே இல்லை. அவருக்குப் பதிலாக எங்களோடு வரைகிற பிரையன் நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார், அடுத்து எனக்கு மறுபக்கம் நின்றவரிடம் போனார். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு மட்டும். அந்தச் சிரிப்பை நான் எனக்குத் தெரிந்த விதமாகத்தான் படித்தேன். வெள்ளிக்கிழமை பாதியில் போனது தப்பாகிவிட்டது என்று நினைத்தேன்.

இதே மாதிரி ஒரு காலை என் கண் முன்னால் வந்தது. நான் உயர்தர வகுப்பு முடித்து, பதுளையில் படவரைஞர் படிப்புக்கு இடம் கிடைத்த சமயம். சேருகிற நாளில் தாயோ தகப்பனோ கூட வர வேண்டும் என்றார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. கொழுந்து மும்முரமாக வருகிற காலம், அம்மா கேட்டுத்தான் லீவு எடுத்தாள், கணக்கப்பிள்ளையும் தலையை ஆட்டித்தான் அனுப்பினார். ஆனால் மறுநாள் பெரட்டில் அவள் பெயரை வாசிக்கவில்லை. போன வேகத்தில் அம்மா லயத்துக்குத் திரும்பி வந்தாள். கூடையைக் கழற்றி மாட்டினாள், படங்கை அவிழ்த்து மடித்து வைத்தாள். "இன்னைக்கு வேல இல்லையாம், நல்லதாப் போச்சு, ஒன் துணியெல்லாம் தொவைச்சுப் போடலாம்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இருவருமாக, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் போய்த் துணி துவைத்தோம். அம்மா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஆகவே நானும் அதையே செய்தேன். எதையோ மறந்துவிட்டவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன். மேசைக்குப் போய்ப் பையையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பின்படி வழியாக இறங்கிப் பஸ் ஏறினேன். காரணம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. படித்தவள், எட்டு வருடம் கனடாவில் இருந்தவள், போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் பிறகு அதைத்தான் கேட்டாள். என்ன செய்வது, ஹாலிஎலயிலிருந்து புறப்படும்போது உடுப்புகளைத்தான் யோசித்துக் கட்டினேன், மற்றதெல்லாம் தானாகவே கூட வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து அம்மாவின் அறையை நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவர் கைலேஞ்சி நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரவிக்குப் போன் எடுத்தேன். அங்கே இருட்டி விளக்குப் போட்டிருக்கும் நேரம். நல்ல வேளையாக அம்மாவே எடுத்தாள்.

"என்ன புள்ள, வேல நேரத்துல எடுக்குற?"

"வேல இல்லம்மா. இன்னைக்கு எம் பேரு இல்ல."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்திருக்கும். அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

"யார்ட்டயும் எதுத்துப் பேசுனியா?"

"இல்லம்மா."

"லேட்டாப் போனியா?"

"இல்லம்மா. வெள்ளிக்கெழம கொஞ்சம் முந்தி வந்தேன், பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"ஒரு நாளைக்கா, ஒரேயடியாவா?"

"தெரியலம்மா. நான் கேக்கல."

"கேக்காத" என்றாள் அம்மா. "எல்லாரும் நிக்கிற எடத்துல கேட்டா நமக்கு மரியாத இல்ல."

ஸ்பொன்சர் போய்விட்டதே என்று அம்மா மனசு உடைந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கேட்டாள்:

"அப்ப, நீ வந்துருவியா?"

அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல், அடக்கத் தெரியாமல் கடைசியில் நடுங்கிவிட்டது. "எங்கம்மா?" என்றேன். "இங்கதான், வேற எங்க?" என்றாள். அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவில்லை. தம்பி போனில் இத்தனை வருடமாக "ம்" தவிர வேறு எதுவும் பேசாத அம்மா, மாப்பிள்ளைக்குப் பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிற வேலை கிடைக்கும் என்றாள், பாப்பாவைப் பதுளையில் நல்ல ஸ்கூலில் போடலாம் என்றாள், ரவியின் பெண்சாதி நல்ல பிள்ளை, இடம் நெருக்கடி என்று முகம் சுளிக்கமாட்டாள் என்றாள். "குளிருக்குப் பயந்தே செத்துருவேன்னு இருந்தேன் புள்ள, நீ கூப்புடுறப்ப வேணாங்கவும் வாய் வரல" என்றாள். மேப்பிள் மரமும் சுடுதண்ணீரும் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சரிம்மா, பார்ப்போம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வேலை போன கவலைக்குள்ளே எங்கேயோ ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. ஹாலிஎல சந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்குவதாக ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். இறங்கிப் பெட்டியைக்கூடத் தூக்கவில்லை, போன் அடித்தது.

டெப்ரா. "மகேஸ், எங்கே இருக்கிறாய்? உடம்புக்கு முடியவில்லையா?"

"இல்லை. வீட்டில் இருக்கிறேன்."

"வீட்டிலா? ஹெலன் ஹலிபக்ஸில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உனக்காக நிற்கிறார். நடைக் கடைசி அறையில் நாங்களும் நிற்கிறோம்."

"என் பெயர் பலகையில் இல்லை" என்றேன்.

"இல்லைதான். புதிய பலகையில் அல்லவா இருக்கிறது!"

வெள்ளிக்கிழமை மாலை சொன்னார்களாம். மின்பலகையில் ஹலிபக்ஸோடு சேர்ந்து வரைகிற குழுவுக்கு நான்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்து, கேக் வெட்டிக் கைதட்டியும் ஆயிற்றாம். மின்னஞ்சலும் அனுப்பினார்களாம். காய்ச்சல்காரப் பிள்ளையோடு இருந்தவள் மின்னஞ்சலை எங்கே பார்த்தாள்? "பெயரைக் காணாவிட்டால் என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார் டெப்ரா. அவருக்குக் கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. "வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும் முன் மறுபடி ஊருக்கு எடுத்தேன். இந்தத் தடவை ரவி. "அக்கா, அம்மாகிட்ட என்னக்கா சொன்ன? உள்காம்பராவுல மூலையில அடுக்கி வச்சிருந்த வெறகையெல்லாம் தூக்கி இஸ்தோப்புல போட்டுக்கிட்டு இருக்கு. ஒனக்கும் பாப்பாவுக்கும் எடம் வேணுமாம். நானும் இவளும் புடிக்கப் போனா கிட்ட விடமாட்டேங்குது. நீங்க வர்றதா எதுத்த வீட்டுக்கும் சொல்லியாச்சு." அவன் பேசும்போதே வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் கட்டைகள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா வந்து போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது.

"சொல்லு புள்ள. எப்ப வர்றீங்க?"

"அம்மா, வேல இருக்கும்மா. பேர வேற பலகைக்கு மாத்தியிருக்காங்க. நான்தான் வெளங்காம வந்துட்டேன்."

அம்மா "அப்படியா" என்றாள். "நல்லதுதானே. சாமி காப்பாத்திருச்சு. நல்லதுதானே."

"அம்மா, ஒங்களுக்கு இங்க வர இஷ்டமில்லன்னா..."

"அத பொறவு பேசிக்கலாம். எனக்கும் இன்னும் ரெண்டு வருசம் தோட்டத்துல வேல இருக்கு இங்க. நீ கெளம்பு, ஆளுங்க ஒனக்காக நிப்பாங்க, நிக்க வைக்காத" என்று அம்மாவே போனை வைத்துவிட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போனேன். கைதட்டினார்கள். மின்பலகையில் என் பெயர் முதலில் இருந்தது, பக்கத்தில் ஹெலன் அங்கிருந்து ஒரு பூ வரைந்திருந்தார். நானும் பேனாவை எடுத்து அதற்கு ஒரு காம்பு போட்டேன். அன்றிலிருந்து அந்த அறைதான் என் இடம். வேலை நிலைத்துவிட்டது, சம்பளமும் கூடிவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்கவும் பழகிக்கொண்டேன். அம்மாவிடம் அறையைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவியிடம், விறகை உள்ளே எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டேன். "எங்கக்கா, எடுக்க விட்டாத்தானே? மழ சாரல்ல எல்லாம் நனையுது. அந்த மூலையில பாய விரிச்சு வச்சிருக்கு, ஒருத்தரையும் படுக்க விடாது" என்றான். பல மாதம் கழித்தும் அவன் அதையேதான் சொல்கிறான். நான் தினமும் காலையில் வெளிச்சம் விடுகிற பலகைக்கு முன்னால் என் பெயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஹாலிஎலக்கு மேலே ஒரு லயத்தில், நனைந்த விறகோடு மல்லுக்கட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு மூட்டுகிறாள் அம்மா. உள்ளே, என் பாய் விரித்தபடியே கிடக்கிறது.